பத்தடிப் பாதை

கீரமங்கலத்திலிருந்து கிழக்கே போகிற டவுன் பஸ்ஸில் மூலைக்காடு ஸ்டாப்பிங்கில் இறங்கினால் முதலில் மூக்கில் ஏறுவது மல்லிகை வாசம் அல்ல, மருந்து வாசம். விடியும் முன் அரும்பு பறித்து முடித்த கையோடு செடிக்கு மருந்தடித்துவிடுவார்கள். பூவைத் தலையில் வைக்கிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் மட்டும் வைக்காமல் இருக்கப் போகிறார்களா என்ன. கஜா புயலுக்கு முன்னால் அங்கே அண்ணாந்து பார்த்தால் தென்னை மட்டைதான் தெரியும். ஒரே ராத்திரியில் அத்தனை மரமும் படுத்துக்கொண்டது. படுத்ததை அறுத்து, வேரைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கி, வரப்புகளை நிரவி, மல்லியும் கனகாம்பரமும் போட்டார்கள். எல்லைக் கல் இருக்கிறதே, வரப்பு எதற்கு என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள்.

மலையாண்டிக்கும் அவர் தம்பி வெள்ளைச்சாமிக்கும் அங்கே முன்னும் பின்னுமாக நிலம். ரோட்டை ஒட்டிய முன் நிலம் தம்பிக்கு, உள்ளே தள்ளிய பின் நிலம் அண்ணனுக்கு. அண்ணன் போய்வர, தம்பி நிலத்தின் மேற்கு ஓரமாகப் பத்தடி அகலத்தில் ஒரு பாதை விட்டிருந்தார்கள். பாதைக்கு மேற்கே பழைய வாய்க்கால் கரை, கரை மேல் பனை வரிசை. வாய்க்கால் ரோட்டிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்து போவதால் பனையும் சாய்வாகத்தான் போகும், பாதையும் அதை ஒட்டிச் சாய்வாகத்தான் போகும். பாதையின் கிழக்கு எல்லைக்கு ரோட்டோரம் ஒரு கல், பின் நிலம் தொடங்கும் இடத்தில் ஒரு கல். பாகம் பிரித்த அன்று அண்ணனும் தம்பியும் சேர்ந்து நட்ட கற்கள். புயலுக்குப் பிறகு வெள்ளைச்சாமி கல்லுக்குக் கல் கம்பி வேலி இழுத்துவிட்டான்.

இந்தப் பங்குனியில் மலையாண்டியின் கிணறு வற்றிப்போனது. தம்பியின் போரிலிருந்து பைப் போட்டு முறை வைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு இன்னொருவன் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? சொந்தமாக ஒரு போர் போட முடிவு செய்து, நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்து தேங்காயை உருட்டிப் பார்த்து, போர் வண்டிக்கும் சொல்லிவிட்டார். வண்டி காலையில் வந்தது. வந்த வண்டி பாதைக்குள் மூக்கை நுழைத்ததோடு நின்றுவிட்டது.

டிரைவர் இறங்கி இங்கிட்டுப் பனையையும் அங்கிட்டு வேலியையும் பார்த்தான். டேப்பை எடுத்துக் குறுக்கே பிடித்தான்.

"அண்ணே, போன்ல பத்தடின்னு சொன்னீக. எட்டடிதான் கெடக்கு."

"சரியாப் பாருப்பா. பத்தடிப் பாதை."

"நீங்களே பாருங்க. உள்ள வுட்டா பனையில ஒரசி கம்ப்ரஸரு போயிரும். பாதையக் கிளியர் பண்ணி வச்சுட்டுப் போன் அடிங்க, வாரேன்."

வண்டி பின்பக்கமாகவே ரோட்டுக்குப் போய்விட்டது. மலையாண்டி அந்த எட்டடிக்குள் நின்றுகொண்டு வேலியைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச்சாமி மருந்து டேங்க்கை முதுகில் கட்டியபடி நின்றிருந்தான்.

"என்னண்ணே, வண்டி திரும்பிருச்சு?"

"ஏன் திரும்புச்சுன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்."

"எனக்கு என்ன தெரியும்?"

"பத்தடி எப்படிடா எட்டடியாச்சு? பனை நடந்து வந்துச்சா, கல்லு நடந்து வந்துச்சா?"

வெள்ளைச்சாமி டேங்க்கை இறக்கி வைத்தான். "அண்ணே, வார்த்தையப் பாத்துப் பேசு. பாகம் பிரிச்ச அன்னைக்கி வரப்பு மேல நீதான் கயித்த இழுத்துப் புடிச்ச. பனையடியில ஒரு முனைய எம் பொண்டாட்டி செங்கமலம் புடிச்சிருந்தா. பத்தடி வந்துச்சு, கல்லு நட்டோம். அந்தக் கல்லுதான் இந்தக் கல்லு."

"வரப்பு எங்கடா இருக்கு இப்ப? நெரவும்போது நெரவுனவன் கல்லப் புடுங்கி நட்டா யாருக்குத் தெரியும்?"

"நீயும்தான் கூட நின்ன."

"நின்னேன். ஒன்னைய நம்பி நின்னேன்."

இதைச் சொல்லிவிட்டு மலையாண்டி வீட்டைப் பார்க்க நடந்தார். நடக்கும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு போனதால் பூப்பறிக்க வந்த பெண்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோனது. வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது.

மலையாண்டியின் மனைவி ராஜலட்சுமிக்குக் குன்றாண்டார்கோவில் பக்கம் ஊர். கணக்கில் பி.எஸ்ஸி. கல்யாணத்துக்குப் பிறகும் சில வருஷம் தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், இப்போது வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறாள். ஒரே மகன் கோயம்புத்தூரில். எதையும் கண்ணால் பார்த்து, அளந்து, எழுதிப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு அடங்கும். அது நல்ல குணம் என்று அவளும் நினைத்தாள், ஊரும் நினைத்தது.

அவள் டேப்போடு போனாள். ரோட்டோரக் கல்லுக்கும் பனை வரிசைக்கும் நடுவே குறுக்காகப் பிடித்தாள். எட்டடி. பாதை நெடுக நடந்து வடக்குக் கல்லுக்குப் போய் அங்கேயும் குறுக்காகப் பிடித்தாள். அங்கேயும் எட்டடி. ஒரு விரல் கூட வித்தியாசம் இல்லை. பனை வரிசை போகிற சாய்வையும் பார்த்துக்கொண்டாள். கிழக்கே மூன்றடி விலகினால் வடக்கே நாலடி ஏறுகிறது. வீட்டுக்கு வந்து, பலாமூசுப் பொரியலும் ரசமும் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"என்னாங்க, ஒரு விஷயம் கவனிச்சீங்களா. கல்லு தானா சாஞ்சிருந்தாலோ, பொக்லைன் இடிச்சிருந்தாலோ ஒரு பக்கம்தான் வெலகியிருக்கும். கோட்டோட சாய்வு மாறிப்போயிருக்கும். இங்க ரெண்டு முனையிலயும் எட்டு. பனை வரிசைக்கு வேலி அப்பிடியே இணையா நிக்கிது."

"அப்பிடின்னா?"

"நகத்துனவுக ரெண்டு கல்லையும் ஒரே அளவு நகத்தியிருக்காக. இணைகோடு போடத் தெரிஞ்சவுக வேலை."

மலையாண்டி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "வெள்ளைச்சாமிக்கு என்ன தெரியும்? எட்டாப்புத் தாண்டாதவன்."

"அவுக மகளுக்குத் தெரியுமே."

வெள்ளைச்சாமியின் மகள் மோகனப்ரியா திருச்சியில் சிவில் இஞ்சினியரிங் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்தாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது ரோட்டோரக் கல் பக்கத்தில் நின்று போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்ததை இருவருமே பார்த்திருந்தார்கள். அன்று அவர்கள் அதைப் பூவைப் படம் பிடிக்கிறாள் என்று நினைத்தார்கள். இன்று அது வேறாகத் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு உள்ளர்த்தம் வந்துவிட்டது. பங்குனி வெயிலில் கரண்டு குறைந்து தம்பி மோட்டார் திணறி நின்றால், வேணும்னே நிறுத்துகிறான். ஓடினால், ஊர் பார்க்கட்டும் என்று ஓட்டுகிறான். வெள்ளைச்சாமி எதிரே வந்து தலையைக் குனிந்தால் குற்றமுள்ள நெஞ்சு. நிமிர்ந்து பார்த்தால் என்ன திமிர். பாவம், அவன் எந்தப் பக்கம்தான் பார்ப்பான்?

இதில் ராஜலட்சுமிக்கு அதிகம் உறுத்தியது பூ. செங்கமலம் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து முதல் பறிப்பில் ஒரு கை அரும்பை இலையில் மடித்து ரோட்டோரக் கல் மேல் வைத்துவிட்டுப் போவாள். ஓரகத்திக்கு என்று தனியாக எடுத்து வைக்கிற பூ. ராஜலட்சுமி பால் வாங்கப் போகும்போது எடுத்துக்கொள்வாள். இருவருக்கும் அது கும்பிடு போடுவது மாதிரி ஒரு பழக்கம். இப்போது அந்த மடிப்பைப் பார்க்கும்போதெல்லாம், இத்தனை வருஷம் இந்தக் கல்லில் எதற்குப் பூ வைத்தாள், கல்லைப் பார்க்காமல் பூவைப் பார்க்கட்டும் என்றா என்று தோன்றியது. எடுக்காமல் விட்டாள். மறுநாளும் பூ இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது, பழையது வாடிக் கிடக்க அதன் பக்கத்தில் புதிது.

மலையாண்டி பெரிய மனிதர்களிடம் போனார். அவர்கள் சர்வேயரைக் கூப்பிடச் சொன்னார்கள். பாதை வாய்ச்சொல்லாக விட்டது, சர்வேயர் வந்து எதைப் பார்த்து அளப்பான் என்று அவர்களே அதைத் தள்ளியும் விட்டார்கள். கடைசியில் மலையாண்டி சொன்னார்: "கருப்பர் முன்னாடி சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். கல்லத் தொடலன்னு சொல்லட்டும். நான் வாய மூடிக்கிறேன்."

எல்லைக் கருப்பர் கோயில் பூசாரி யோசித்தார். "மலையாண்டி, அண்ணன் தம்பிக்குள்ள சத்தியம் கேக்குற. முறை தெரியும்ல? சத்தியம் வாங்குன வீட்டுக்கும் பண்ணுன வீட்டுக்கும் அப்புறம் தண்ணிப் புழக்கம் கெடையாது. ஒருத்தரு வீட்டுல ஒருத்தரு கை நனைக்க முடியாது. நல்லது கெட்டதுக்கு வந்தாலும் வாசலோட சரி. பெறகு வந்து என்னைய மாத்துன்னு கேக்கக் கூடாது."

"தெரியும்."

"அவன் மோட்டார்த் தண்ணியும் நிக்கும்."

"நிக்கட்டும். எனக்குப் பாதை வேணும்."

வெள்ளிக்கிழமை காலைப் பூசையில் என்று முடிவானது. வியாழக்கிழமை வெயில் தாழ்ந்ததும் செங்கமலம் கொட்டகைக்கு வந்தாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ராஜலட்சுமி பெஞ்சுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். செங்கமலம் உள்ளே வராமல் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரலெல்லாம் பூக்காம்புக் கறை.

"அக்கா, நீங்க சொன்னா பெரியவுக கேப்பாக."

"என்னத்தச் சொல்லச் சொல்ற?"

"சத்தியம் வேணாம்னு. வேலியப் பிரிச்சு விட்டுர்றோம்க்கா. ரெண்டடிதான? வண்டி போகட்டும், போரப் போடட்டும். அவுகட்ட நான் பேசுறேன்."

ராஜலட்சுமி கூட்டுமாறைக் கீழே போட்டாள். "தப்பு இல்லன்னா எதுக்குச் செங்கமலம் விட்டுக் குடுக்கணும்?"

"இது என்னக்கா பேச்சு. விட்டுக்குடுத்தாலும் குத்தமா?"

"நான் அளந்து பாத்துட்டேன். ரெண்டு முனையும் ஒண்ணு போல எட்டு. தானா நகந்த கல்லு அப்பிடி நகராது. கணக்குத் தெரிஞ்ச கைதான் நகத்தியிருக்கணும்."

"யாரச் சொல்றீக?"

ராஜலட்சுமி குனிந்து கூட்டுமாறை மறுபடி எடுத்தாள்.

"ப்ரியாவையா? ஒங்ககிட்ட உக்காந்து டியூஷன் படிச்ச புள்ள அக்கா. ஒங்க கையால கணக்குப் படிச்சுத்தான் அது காலேஜுக்கே போச்சு."

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்றாள் ராஜலட்சுமி.

செங்கமலம் தட்டியை விட்டாள். அழவில்லை. "நாம ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைச்சவுக. எனக்கு மஞ்சக் காமாலை வந்தப்ப நீங்கதான் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தீக. நாளையிலேருந்து ஒங்க வீட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்கக் கூடாது. அதுக்கு மேல ஒங்க இஷ்டம்." அவள் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ராஜலட்சுமிக்கு நெஞ்சுக்குள் வலித்தது. வலித்தாலும், இவள் இப்படிப் பேசுவதே பயத்தில்தானே என்று உடனே தோன்றியது. சந்தேகம் வந்த பிறகு வலிக்குக் கூட மரியாதை இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மலையாண்டி குளித்து, திருநீறு பூசி, தேங்காய் பழத்தோடு கோயிலுக்குப் போய்விட்டார். பரீட்சை நெருங்கியிருந்ததால் காலை டியூஷனை நிறுத்த முடியவில்லை. இணைகோட்டுச் சமன்பாடுதான் அன்றைக்கு. மனசு முழுவதும் பாதையிலேயே கிடந்ததால் ராஜலட்சுமி புத்தகத்தைத் திறக்காமல் பாதையையே கணக்காகப் போட்டாள்.

"ரோடு எக்ஸ் அச்சு. முதல் பனை ஆதிப்புள்ளி. பனை வரிசை கிழக்கே மூணு போனா வடக்கே நாலு போகுது. அப்ப அந்தக் கோட்டோட சமன்பாடு என்ன?"

"நாலு எக்ஸ் கழித்தல் மூணு ஒய் சமம் சைபர், டீச்சர்."

"சரி. அதுக்கு இணையா இன்னொரு கோடு. ரோட்டுல பத்தடி தள்ளி இருக்குற புள்ளி வழியாப் போகுது. சமன்பாடு கண்டுபிடிங்க. இணைகோட்டுக்கு எக்ஸும் ஒய்யும் இருக்குற பகுதி மாறாது. கடைசியில ஒரு கே மட்டும் வரும். ஒரு புள்ளி தெரிஞ்சாப் போதும், கே கெடச்சிரும். ஒரு புள்ளியிலேயே கோடு முழுக்கத் தெரிஞ்சுபோகும்."

பிள்ளைகள் குனிந்து போட்டார்கள். எக்ஸுக்குப் பத்து, ஒய்க்குச் சைபர். நாற்பது கூட்டல் கே சமம் சைபர். கே என்பது கழித்தல் நாற்பது. எல்லாருக்கும் ஒரே விடை. ராஜலட்சுமி படம் போடத் திரும்பினாள். டஸ்டர் நீளத்தைப் பத்தடி என்று வைத்துக்கொண்டு, ரோட்டுக் கோட்டின் மேல் டஸ்டரைப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் குறி வைத்தாள். ஒரு குறியிலிருந்து பனை வரிசை, இன்னொரு குறியிலிருந்து வேலி. இரண்டும் ஒரே சாய்வு. திருடு போகாத பாதை இப்படித்தான் இருந்திருக்கும் என்று கசப்போடு நினைத்துக்கொண்டாள்.

கோடு ஒன்றில் சாக்பீஸ் வழுக்கியிருந்தது. அதை அழிக்க இரண்டு கோட்டுக்கும் நடுவே டஸ்டரைக் குறுக்காக வைத்தாள். டஸ்டர் நுழையவில்லை. ஒரு ஓரம் பனையை மிதித்தது, ஒரு ஓரம் வேலியை மிதித்தது.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே டஸ்டர். கீழே ரோட்டின் மேல் படுக்கவைத்தால் சரியாக உட்காருகிறது, நடுவில் குறுக்காக வைத்தால் முட்டுகிறது. போர் வண்டி முட்டியது மாதிரியே முட்டுகிறது. அவள் கை தானாகவே பக்கத்தில் கணக்கை எழுதியது. இணைகோடுகளுக்கு நடுவே தூரம். மூன்றுக்கு நாலு சாய்ந்த கோட்டின் நீளம் அஞ்சு. நாற்பதை அஞ்சால் வகுத்தால் எட்டு.

"டீச்சர், எட்டா பத்தா?" என்று சிவரஞ்சனி என்கிற பெண் கேட்டாள்.

"ரெண்டும்தான்" என்றாள் ராஜலட்சுமி. "நோட்ட மூடிட்டுக் கெளம்புங்க."

டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். ரோட்டோரக் கல்லில் அன்றும் பூ மடிப்பு இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நிலத்தில் பழைய வரப்பு இன்னும் நிரவாமல் ரோட்டை ஒட்டியே கிழக்கு மேற்காகக் கிடந்தது. அதே வரப்பு ஒரு காலத்தில் இந்தப் பக்கமும் நீண்டு வந்ததுதான். அதன் போக்கிலேயே கல்லிலிருந்து பனைக்கு டேப்பை இழுத்தாள். பத்தடி. கல் எங்கே நட்டார்களோ அங்கேயே இருந்தது. பாகம் பிரித்த அன்று மலையாண்டி வரப்பில் நின்றுதான் கயிறு பிடித்தார். இந்த ஊரில் எல்லாரும் வரப்பு மேல் நின்றுதான் அளப்பார்கள். விதைத்த நிலத்தை மிதித்துக்கொண்டு குறுக்கே போய் எவன் கயிறு பிடிப்பான்? நேரான பாதைக்கு அது சரி. சாய்ந்த பாதைக்கு அது எட்டடி. வெள்ளைச்சாமி முதல் நாளே சொன்னான், வரப்பு மேல் கயிறு என்று. மலையாண்டி கத்திக்கொண்டே வீட்டுக்கு வந்ததில் அவள் காதிலும் அது விழுந்ததுதான்.

கோயிலில் தட்டில் சூடம் வைத்திருந்தார்கள். இன்னும் பற்ற வைக்கவில்லை. வெள்ளைச்சாமி ஈர வேட்டியோடு நின்றிருந்தான். செங்கமலம் வேப்பமரத்தடியில் தனியாக இருந்தாள். ராஜலட்சுமி மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"கொளுத்தாதீங்க பூசாரி. தம்பி கல்லத் தொடல. யாரும் தொடல. தப்பு அளந்ததுல இருக்கு."

மலையாண்டி, "நீ எதுக்கு இங்க வந்த?" என்றார்.

"நீங்க வரப்பு மேல அளந்தீங்க. அதுல பத்து. இப்பக் குறுக்க அளக்குறோம். அதுல எட்டு. பாதை சாஞ்சு போறதால அப்பிடித்தான் வரும்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "ஒரே பாதைக்கு எப்படித்தா ரெண்டு அகலம்?"

"வாழைத்தண்ட நேரா நறுக்குனா சின்ன வட்டம். சாச்சு நறுக்குனா நீளத் துண்டு. தண்டு ஒண்ணுதான? வரப்பு பாதையச் சாச்சு நறுக்கியிருக்கு."

பூசாரிக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தட்டைக் கீழே வைத்தார். "அப்ப என்னப்பா, வெளங்கிருச்சுல்ல. கருப்பரு காப்பாத்துனாரு. அண்ணனும் தம்பியும் போய் ஒரு டீயக் குடிங்க."

மலையாண்டி தரையைப் பார்த்தார். எல்லாரும் வெள்ளைச்சாமியைப் பார்த்தார்கள். அவன் ராஜலட்சுமியைப் பார்த்தான்.

"மதினி, நான் கல்லத் தொடலன்னு கணக்குச் சொல்லுதா?"

"ஆமா தம்பி."

"நானும் அதத்தான சொன்னேன். அன்னைக்கே சொன்னேன்."

ராஜலட்சுமி கையிலிருந்த டேப்பை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கணக்குச் சொன்னா ஏறுது, நான் சொன்னா ஏறல. ஒங்க புருசனோட கூடப் பொறந்தவன் நான். எம் மகளை மனசுக்குள்ள திருடியாக்கிட்டு, அவ பொங்கலுக்கு ஒங்க காலுல விழுந்தத மறந்துட்டீக. நாளைக்கி வேற ஒரு கணக்கு வரும், அப்பவும் நான் திருடனாயிருவேன். குறுக்கால பத்து வரணும்னா கல்ல எம்புட்டுத் தள்ளணும்? அதச் சொல்லுங்க."

"வரப்புப் போக்குல ரெண்டரை அடி" என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

"சரி. பூசாரி, கொளுத்துங்க."

"வேணாம்ப்பா. அதான் தீந்துபோச்சே."

"அவுகளுக்குத் தீந்துச்சு."

மலையாண்டி, "வெள்ளைச்சாமி, டேய்" என்று ஒரு அடி முன்னால் வந்தார். வெள்ளைச்சாமி காத்திருக்கவில்லை. பக்கத்து விளக்கில் தானே பற்ற வைத்தான். "நான் கல்லத் தொடல, எம் பொண்டாட்டி புள்ள தொடல" என்று சொல்லி உள்ளங்கையால் ஓங்கி அறைந்து அணைத்தான். புகை மட்டும் இருந்தது. செங்கமலம் எழுந்து முந்தானையால் அவன் கையைத் துடைத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று உச்சி வெயிலில் அவன் வேலியைப் பிரித்தான். அரும்பு கட்டிய மல்லிச் செடிகள் ஒரு வரிசை முழுவதும் வெட்டுப்பட்டன. இரண்டு கல்லையும் தன் நிலத்துக்குள் தள்ளி நட்டு, புதிதாகக் கம்பி இழுத்தான். உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. மோட்டார் பைப்பையும் கழற்றிச் சுருட்டி, பின் நிலத்து ஓரத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனான்.

போர் வண்டி மறுபடி வந்தது. இந்த முறை பனையிலும் உரசவில்லை, வேலியிலும் உரசவில்லை. முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை ஒரே சீராக உள்ளே போனது. புழுதி கிளம்பி, சேறு கிளம்பி, கடைசியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மலையாண்டி முகத்தில் தண்ணீர் தெறித்தபோது அவர் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். ஊரில் எல்லா வீட்டுக்கும் போனது, ஒரு வீட்டைத் தவிர.

அந்தப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே மலையாண்டி கேட்டார்.

"இந்தா ராஜி. கொறஞ்சது ரெண்டடி. அவன் எதுக்கு ரெண்டரை அடி விட்டான்?"

"நான்தான் சொன்னேன். குறுக்க ரெண்டு வரணும்னா வரப்புப் போக்குல ரெண்டரை தள்ளணும்."

"அது சரி." கொஞ்ச நேரம் மென்றார். "ரோட்டுக் கல்லு எல்லாரு கண்ணுலயும் படும். வடக்கால கல்லு மறைவுல இருக்கு. தனியா நின்னு நட்டான். அம்புட்டு ஈஸியா விட்டுக் குடுக்குறவனா அவன்? எதுக்கும் நீ ஒருக்கா அளந்து பாத்துரு."

"வண்டி நெடுக உரசாமப் போச்சுல்ல. ரெண்டும் இணையாத்தான் இருக்கு. ஒரு கல்லு சரின்னா இன்னொன்னும் சரிதான்."

"அதுக்கில்ல. பாத்துரு."

அவள் அவரைக் கோபமாகப் பார்த்தாள். கோபம் நிற்கவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே, அன்று காலை பால் வாங்கப் போனபோது பூ இல்லாத கல்லைப் பார்த்து அவளுக்கும் இதே எண்ணம் ஒரு தடவை வந்து போயிருந்தது. எழுந்து கை கழுவிவிட்டு டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். யாராவது கேட்டால் புதுத் தண்ணீர் எடுக்க வந்ததாகச் சொல்ல ஒரு வெறுங்குடமும் எடுத்துக்கொண்டாள்.

வடக்குக் கல்லின் அடியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கினாள். டேப்பின் நுனியைக் கல்லில் கொக்கி போட்டு, பனைப் பக்கம் குனிந்தபடி பின்னால் நடந்தாள். பத்தடி. சரியாகப் பத்தடி. நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம், வெட்டின செடிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த செங்கமலம் எழுந்து நின்றாள். அவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறாள்.

ராஜலட்சுமி சட்டென்று இழுத்ததில் கொக்கி கல்லிலிருந்து கழன்று, டேப் சரசரவென்று மண்ணில் இழுபட்டு அவள் கைக்குள் வந்து சுருண்டது. குடத்தைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

செங்கமலம் குடத்தைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தாள், பனையைப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கம்பிக்குள் நீட்டினாள்.

"குடுங்கக்கா" என்றாள். "அன்னைக்கும் நான்தான ஒரு முனையப் புடிச்சேன். தனியா அளந்தா ஒங்களுக்கு மறுபடி சந்தேகம் வந்துரும்."